கவிழ்ந்த லேசர் பாய்மரப் படகை நிமிர்த்த முடியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

கரையோரம்52 | ஞாயிறு, இரவு 8:15

எல்லோருக்கும் வணக்கம். வயது 52, எடை 61 கிலோ, நீச்சல் நன்றாகவே தெரியும். ஆறு மாதமாகச் சென்னையில் லேசர் பழகுகிறேன். கிளப்பின் பழைய படகு, 7.06 சதுர மீட்டர் பெரிய பாய்.

இன்று மதியம், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தபோது, கடற்காற்று சட்டென்று ஏறிவிட்டது. மூன்று தடவை கவிழ்ந்தேன். முதல் தடவை சுலபமாக நிமிர்த்தினேன். இரண்டாவது தடவை நிமிர்ந்த வேகத்திலேயே மறுபக்கம் சாய்ந்து என் தலைமேல் விழுந்தது. மூன்றாவது தடவை, நான் நீந்தி அந்தப் பக்கம் போவதற்குள் முழுக்கக் குப்புறக் கவிழ்ந்து, பாய்மரம் நேராகக் கடலடியைப் பார்த்துவிட்டது. ஏறி நின்று, படகின் அடியில் நீட்டி நிற்கும் பலகையான டேகர்போர்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். இருபது நிமிடம். அசையவே இல்லை. பாதுகாப்புப் படகு வந்துதான் நிமிர்த்தியது. அதில் இருந்த பையனுக்கு என் மகன் வயது இருக்கும். "அங்கிள், ஜிம்முக்குப் போங்க" என்றான்.

பலம்தான் பிரச்சினையா?

வெறும்வாசகன் | ஞாயிறு, இரவு 8:31

ஜிம்மை விட அந்தமான் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பது சுலபம் சார். அது கவிழாது.

மெயின்ஷீட் மணி | ஞாயிறு, இரவு 9:50

பலம் இல்லை ஐயா. ஜிம் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

லேசரின் உடல் மட்டும் 59 கிலோதான். அது தானாக மிதக்கிறது, அதை யாரும் தூக்க வேண்டியதில்லை. நிமிர்த்தும்போது உங்களை எதிர்ப்பது பாயும், பாய்மேல் ஏரி மாதிரித் தேங்கி நிற்கும் தண்ணீரும். அந்தத் தண்ணீர் வழிய நேரம் கொடுத்தால் உங்கள் 61 கிலோ தாராளம். நேரம் கொடுக்காமல் இழுத்தால் பயில்வானுக்கும் வராது.

ஆனால் உங்கள் மூன்று கவிழ்ப்பும் ஒரே மாதிரி இல்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நான்கு கேள்விகள்:

இரண்டாவது தடவை நிமிர்த்தும் முன் மெயின்ஷீட்டையும் (பாயை இழுத்துவிடும் கயிறு) கிக்கரையும் (பாயின் அடிக்கழியைக் கீழே இறுக்கும் கயிறு) தளர்த்தினீர்களா? அப்போது பாய்மர நுனி எந்தப் பக்கம் இருந்தது, காற்று வரும் பக்கமா, போகும் பக்கமா? குப்புறக் கிடந்தபோது டேகர்போர்டு எவ்வளவு வெளியே தெரிந்தது? கரைக்கு வந்து பாய்மரத்தைக் கழற்றியபோது உள்ளே தண்ணீர் இருந்ததா?

கரையோரம்52 | ஞாயிறு, இரவு 10:20

1. மெயின்ஷீட் கையை விட்டுப் போய்விட்டது, அதனால் தளர்வாகத்தான் இருந்திருக்கும். கிக்கரைத் தொடவில்லை, இறுக்கமாகவே இருந்தது.

2. பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்று தெரியாது.

3. இப்போது யோசித்தால் ஒரு சாண் தெரிந்திருக்கும். அதைத்தான் பிடித்துத் தொங்கினேன். கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

4. மேல் துண்டைச் சாய்த்தபோது அரைக் குடம் தண்ணீர் கொட்டியது. கடலுக்குப் போனால் தண்ணீர் வரத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

மெயின்ஷீட் மணி | ஞாயிறு, இரவு 11:05

அரைக் குடம்! அதுதான் உங்கள் மூன்றாவது கவிழ்ப்பு.

லேசரின் பாய்மரம் இரண்டு துண்டு. மேல் துண்டு மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், இரு முனையிலும் பிளாஸ்டிக் அடைப்பு. அடைத்து வைத்த குழாய் என்பதால் அதற்குள் இருக்கும் காற்று ஒரு மிதவை. படகு பக்கவாட்டில் விழுந்ததும் அந்த மிதவைதான் பாய்மரத்தை நீர்மட்டத்திலேயே பிடித்துவைக்கும், நீங்கள் சுற்றி வரும் வரைக்கும். அடைப்பு தளர்ந்தாலோ, வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் ஓரம் கசிந்தாலோ ஐந்தாறு லிட்டர் தண்ணீர் உள்ளே போய்விடும். மிதவை போச்சு, படகு கடகடவென்று குப்புறப் போகும். நிமிர்த்தும்போது அதே தண்ணீர் சுமையாகிவிடும். அதுவும் சும்மா சுமை இல்லை. படகிலிருந்து நாலு மீட்டர் தள்ளி ஆறு கிலோ தொங்கினால், நீங்கள் டேகர்போர்டு நுனியில் நின்று கொடுக்கும் நெம்பில் கிட்டத்தட்ட பாதியை அது தின்றுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சோதிக்க எளிய வழி: துண்டை ஒரு தொட்டியிலோ குளத்திலோ அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். நன்றாகக் காயவைத்து, அங்கே சிலிகான் பூசுங்கள்.

அடுத்தது டேகர்போர்டு. குப்புற விழுந்தால் அது தன் எடையில் கீழே இறங்கி மேல்தளத்துப் பக்கமாக நழுவும். உங்களுக்கு மிஞ்சியது ஒரு சாண். நெம்புகோலையே படகு விழுங்கிவிட்டது, நீங்கள் கைப்பிடியில் தொங்கியிருக்கிறீர்கள். இழுவை எலாஸ்டிக் கயிறு ஒன்று பலகையின் தலையிலிருந்து முன்பக்கம் கட்டியிருக்க வேண்டும். கிளப் படகுகளில் அதுதான் முதலில் காணாமல் போகும். கயிறு இல்லாமல் மாட்டிக்கொண்டால், கீழே கையை விட்டுப் பலகையை மேலே தள்ளிவிட்டு அப்புறம் ஏறுங்கள்.

குப்புறக் கிடக்கும் படகில் எந்தப் பக்கம் நிற்பது என்பதும் முக்கியம். காற்று வரும் பக்கத்து விளிம்பில் நின்று, பலகையைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பாய்மரம் உங்களுக்கு எதிர்ப்பக்கம், காற்று போகும் பக்கமாக வெளியே வரும். குதிக்காதீர்கள், உலுக்காதீர்கள். சாய்ந்து அப்படியே தொங்கிக்கொண்டிருங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். எல்லோரும் அங்கேதான் பொறுமை இழந்து இறங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது கவிழ்ப்பைப் பற்றி நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

சோளகம் | திங்கள், காலை 6:40

நான் யாழ்ப்பாணம். எங்கள் கடலேரியில் பல இடங்களில் இடுப்பளவு, ஆளளவு தண்ணீர்தான். அங்கே குப்புறப் போகிற பேச்சே இல்லை, பாய்மர நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும். அப்போது மணி அண்ணா சொன்னபடி மேலே ஏறி நின்றால் சரிவராது. உங்கள் பாரத்தில் மரம் இன்னும் ஆழமாக இறங்கும், அல்லது வளையும். ஏறாமல், தண்ணீரில் நின்றபடி படகின் உடலைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, மரம் எந்தக் கோணத்தில் குத்தியதோ அதே கோணத்தில் மெல்ல உருவி எடுக்க வேண்டும். இயந்திரப் படகு வந்தாலும் பலகையில் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என் நண்பரின் படகில் பலகை முறிந்தது அப்படித்தான்.

நீச்சல்வீரன் | திங்கள், காலை 9:12

ஒரு விஷயம் புரியவில்லை. கரை ஒரு கிலோமீட்டருக்குள் என்கிறார், நீச்சல் தெரியும் என்கிறார். இருபது நிமிடம் போராடுவதற்கு நீந்திக் கரைக்கு வந்திருக்கலாமே. படகை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். உயிர் பெரிதா, பிளாஸ்டிக் பெரிதா?

காசிமேட்டுப் பையன் | திங்கள், காலை 9:58

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள், இந்தப் பேச்சைக் கேட்டால் எங்கள் அப்பா அடிக்க வருவார். அவர் கட்டுமரத்தில் போனவர். எங்கள் ஊரில் கட்டுமரத்தை 'மரம்' என்றுதான் சொல்வோம். கவிழ்ந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பாயை விடு, மரத்தை விடாதே." பாய் போனால் வாங்கலாம், மரத்தை விட்டால் ஆளைத் தேட முடியாது.

கடலில் ஒரு தலை மட்டும் மிதந்தால் அது தேங்காய் மட்டை மாதிரி. நூறு அடியில் படகு தாண்டிப் போனாலும் தெரியாது. குப்புறக் கிடக்கிற வெள்ளைப் படகு தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொன்று. நேற்று அவருக்கு அடித்தது கடற்காற்று, கரையைப் பார்த்துத் தள்ளும். ஆனி ஆடியில் காலையில் மேற்கிலிருந்து கரைக்காற்று அடிக்கும் பாருங்கள், அது கடலுக்குள் தள்ளும். அன்றைக்குக் கரை பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும், நீந்த நீந்தக் கரை விலகும். அதற்கு மேலே நீவாடு, அதாவது நீரோட்டம் வேறு.

எல்லோரும் போனை நீர் புகாத பையில் போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093.

சிங்கை பாய்மரம் | திங்கள், மதியம் 1:25

காசிமேட்டுத் தம்பி சொன்னதற்குச் சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு பேரே சாட்சி. 1988 சியோல் ஒலிம்பிக், பாய்மரப் போட்டிகள் பூசானில். செப்டம்பர் 24 அன்று காற்று 35 நாட் வரை ஏறியது. 470 வகைப் படகில் ஜோசப் சான், சியூ ஷா ஹெர் இருவரும் கவிழ்ந்தார்கள். ஒருவர் படகைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் படகிலிருந்து பிரிந்து, நீரோட்டத்தில் தூரமாகப் போய்விட்டார்.

பக்கத்துப் பந்தயத்தில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ ஃபின் படகில் இரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பந்தயத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து முதலில் தண்ணீரில் போனவரைத் தூக்கினார், பிறகு படகில் இருந்தவரை. ரோந்துப் படகு வரும்வரை காத்திருந்துவிட்டு மறுபடியும் ஓடி 22-வதாக முடித்தார். நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் அவருக்கு இரண்டாம் இடத்தையே கொடுத்தார்கள், விளையாட்டுப் பண்புக்கான பியர் தெ கூபர்தான் பதக்கமும் கிடைத்தது. பதக்கக் கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு: ஒலிம்பிக் வரை போனவர்களுக்கே படகிலிருந்து பிரிந்தால் அடுத்தவர் தயவுதான் கதி.

நீச்சல்வீரன் | திங்கள், மதியம் 2:03

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடற்காற்றில் படகோடு சேர்ந்து கரைக்கு அடித்துச் செல்லப்படும்போது? காசிமேட்டுக்கு வடக்கே கரை முழுக்கக் கருங்கல்லும் தூண்டில் வளைவும்தானே. படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டினால்?

காசிமேட்டுப் பையன் | திங்கள், மதியம் 2:40

அது நியாயமான கேள்வி. அங்கே மட்டும் படகை விடலாம். ஆனால் அலை உடைகிற இடத்துக்கு முன்னாலேயே விட வேண்டும், விட்டுவிட்டுக் கடல் பக்கமாக நீந்த வேண்டும், கல்லைப் பார்த்து இல்லை. மிதவை உடுப்பு இருந்தால் வெளியே மிதந்துகொண்டு காத்திருக்கலாம்.

மெயின்ஷீட் மணி | திங்கள், இரவு 9:30

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கல் கரைக்கு அவ்வளவு பக்கத்தில் ஓட்டியதுதான் தப்பு, அப்புறம் எது செய்தாலும் அரைகுறைதான். அது தனி இழைக்கான பேச்சு.

இரண்டாவது கவிழ்ப்புக்கு வருகிறேன். படகு காற்று போகும் பக்கம் விழும்போது, முதலில் பாய்மர நுனி காற்று போகும் திசையில் இருக்கும். ஆனால் பாய் தண்ணீரில் நங்கூரம் மாதிரிக் கிடக்கிறது, உயர்ந்து நிற்கும் உடலைக் காற்று தள்ளுகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் மொத்தமும் சுழன்று, நுனி காற்று வரும் பக்கம் திரும்பிவிடும். முதல் தடவை நீங்கள் சீக்கிரம் நிமிர்த்தினீர்கள், தப்பித்தீர்கள். இரண்டாவது தடவை களைப்பில் தாமதித்திருப்பீர்கள். நுனி தண்ணீரை விட்டுக் கொஞ்சம் எழுந்ததும் காற்று பாயின் அடியில் புகுந்து தூக்கியது. கிக்கர் வேறு இறுக்கம், பாய் பலகை மாதிரி விறைப்பாகக் காற்றை வாங்கியிருக்கும். உங்களால் நிமிர்ந்ததாக நினைத்திருப்பீர்கள். நிமிர்த்தியதும் காற்று, மறுபக்கம் தள்ளியதும் காற்று.

இதற்கு இரண்டு வழி. பழகுகிறவருக்கு: படகின் முன்முனைக்கு நீந்திப் போய் அதைப் பிடித்துக்கொண்டு சும்மா மிதங்கள். உங்கள் உடம்பே கடல் நங்கூரம். படகு உங்களைச் சுற்றித் திரும்பி, முகம் காற்றைப் பார்க்கும். அப்புறம் மெயின்ஷீட்டின் முனையைக் கையில் வைத்தபடி பலகைக்குப் போய் நிமிர்த்துங்கள். பாய் கொடி மாதிரிப் படபடக்கும், தள்ளாது.

பழகியவருக்கு: 'சான் பிரான்சிஸ்கோ ரோல்'. டேகர்போர்டைக் கையாலும் காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து மறுபக்கம் விழும் படகோடு தண்ணீருக்கடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வருவது. வரும்போது நீங்கள் காற்று வரும் பக்கம் இருப்பீர்கள், நுனி காற்று போகும் பக்கம். மறுபடி ஒரு இழு, வேலை முடிந்தது.

அலைமகள் | செவ்வாய், காலை 7:15

மணி அண்ணா, அந்த ரோலை 52 வயதில் பழகுகிறவரிடம் சொல்லாதீர்கள், ப்ளீஸ். மெயின்ஷீட் கால் சுற்றி இருக்கும்போது படகுக்கடியில் போவது விளையாட்டில்லை. முன்முனை வழி போதும்.

நான் 47 கிலோ. கரையோரம் ஐயா, உங்கள் உண்மையான பிரச்சினை பாய் என்பது என் எண்ணம். 7.06 பாய் 80 கிலோ ஆளுக்குத்தான் சுகம். அதே உடல், அதே பலகை, கீழ்த் துண்டு பாய்மரத்தையும் பாயையும் மட்டும் மாற்றினால் 5.76. பெண்களுக்கான ஒலிம்பிக் பந்தயமே அதில்தான், நம் சென்னை நேத்ரா குமணன் ஓடியது அதே. வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஓடுவது பெரியது, அவர் உடம்பு வேறு. சின்னப் பாய் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

ஏறுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. நிமிர்த்துவதில் பாதிக் களைப்பு, ஏறுவதில் மீதி. உடம்பைச் செங்குத்தாக வைத்துக் கையால் இழுத்தால் ஏற முடியாது, கால் படகுக்கடியில் போய்விடும். காலை உதைத்து உடம்பைத் தண்ணீரில் படுக்கைவாட்டில் கொண்டு வந்து, காற்று வரும் பக்கமாக மீன் மாதிரி வழுக்கி ஏறுங்கள். அதுவும் முடியாத நாளுக்காக டோஸ்ட்ராப்பில் (படகுக்குள் கால் மாட்டும் பட்டை) ஒரு கயிற்று வளையம் கட்டி வைத்திருக்கிறேன். வெளியே வீசினால் கால் வைக்க ஒரு படி. நாலு அடிக் கயிறு, இருபது ரூபாய்.

இரண்டு பேர் போகும் படகில் வேறு முறை. அண்ணன் மகளோடு 420 வகைப் படகு ஓட்டுவேன். கவிழ்ந்ததும் முதல் வேலை பேர் சொல்லிக் கூப்பிடுவது. பதில் வந்தால்தான் அடுத்தது. பாய்க்கு அடியில் மாட்டினால் கையால் பாயை மேலே தூக்கினால் மூச்சுவிட இடம் வரும், பிறகு ஒரே தையலைப் பிடித்துக்கொண்டு ஓரம் வரை போக வேண்டும். அப்புறம் ஒருத்தி உள்பக்கம் தண்ணீரில் படுத்து டோஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொள்வாள், இன்னொருத்தி பலகையில் நின்று சாய்வாள். நிமிரும்போது உள்ளே படுத்தவள் அப்படியே படகுக்குள் அள்ளப்பட்டுவிடுவாள். அவள் எடை உள்ளே இருப்பதால் மறுபக்கம் கவிழாது. அவள் மற்றவளை இழுத்துப் போடுவாள். அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது, ஒவ்வொரு தடவையும் அள்ளப்படும்போது சிரிப்பாள்.

தேம்ஸ் தமிழன் | செவ்வாய், மாலை 4:50

இங்கே இங்கிலாந்தில் நீர்த்தேக்கத்தில் ஓட்டுகிறேன். ஆரம்பப் பயிற்சியிலேயே வேண்டுமென்று கவிழ்த்து நிமிர்த்தச் சொல்வார்கள், செய்யாமல் சான்றிதழ் இல்லை. நம் பக்கம் கவிழ்வது ஏதோ மானக்கேடு மாதிரி, யாரும் பழகுவதில்லை.

எங்கள் எதிரி குளிர். ஏப்ரல் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு நம் கையில் இருக்காது. அந்த ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் படகைப் பிடித்து மிதக்கத்தான் சொல்வார்கள். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது. இருபது நிமிடப் போராட்டத்துக்கு அப்புறம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் மறுபடி முயலாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் டிங்கிக்கு, அதாவது இந்த மாதிரிச் சிறு படகுக்கு ஆகாது. படகுக்கடியில் ஊதிக்கொண்டால் மேல்தளத்தோடு ஒட்டவைத்துவிடும், முங்கி வெளியே வர முடியாது. 50 நியூட்டன் நுரை மிதவை உடுப்புத்தான் சரி.

மெயின்ஷீட் மணி | செவ்வாய், இரவு 10:10

அலைமகள் சொன்னது சரி, அந்த ரோலைத் திரும்பப் பெறுகிறேன். கால் சுற்றிய கயிற்றை நான் யோசிக்கவில்லை.

கரையோரம்52 | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மேல் துண்டைக் கிளப் தொட்டியில் அமுக்கினோம். ரிவெட் ஓரத்தில் சோடா பாட்டில் மாதிரிக் குமிழி. சிலிகான் வைத்தோம். எலாஸ்டிக் கயிறு இருந்த இடத்தில் முடிச்சு மட்டும்தான் இருந்தது, புதிது கட்டினேன். 5.76 பாய் கேட்டேன், கொடுத்தார்கள்.

நேற்றும் இன்றும் வேண்டுமென்றே ஒன்பது தடவை கவிழ்த்தேன். ஏழு தடவை மேல் விளிம்பைத் தாண்டி நேரே பலகைமேல் இறங்கிவிட்டேன், தலைகூட நனையவில்லை. இரண்டு தடவை வேண்டுமென்றே குப்புற விட்டேன். முதல் தடவை பழையபடி உலுக்கினேன், வரவில்லை. மணி ஐயா சொன்னது நினைவு வந்து சாய்ந்து தொங்கினேன். மனதுக்குள் எண்ணினேன், நாற்பத்து மூன்றில் முனை தெரிந்தது. முன்முனை வித்தையில் இன்னும் சொதப்புகிறேன், படகு திரும்புவதற்குள் பொறுமை இழந்து கிளம்பிவிடுகிறேன். ஏறுவதற்கு அலைமகள் அம்மா சொன்ன கயிற்று வளையம் இல்லாமல் முடியவில்லை. இருக்கட்டும்.

இன்று கரையில் பாதுகாப்புப் படகுப் பையன் தன் லேசரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் மேல் துண்டைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். முக்கால் குடம்.

வெறும்வாசகன் | ஞாயிறு, மாலை 6:34

எந்த ஜிம்முக்கு அனுப்பினீர்கள்?

மெயின்ஷீட் மணி | ஞாயிறு, இரவு 8:00

சிலிகான் வைத்து எத்தனை மணி நேரம் காயவிட்டீர்கள்?

கரையோரம்52 | ஞாயிறு, இரவு 8:12

ஒரு இரவு. போதாதா?

மெயின்ஷீட் மணி | ஞாயிறு, இரவு 8:20

உப்பைக் கழுவித் துடைத்துவிட்டுப் பூசியிருந்தால் போதும். இல்லையென்றால் அடுத்த மாதம் உரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றும்போது சாய்த்துப் பாருங்கள்.